பெங்களூரில் கட்டுப்படியான மின் ஸ்கூட்டர் வாங்க: எங்கே தொடங்குவது, எதைப் பார்ப்பது

பெங்களூருக்கு வேலைக்கு வந்தவர்கள் இரண்டாவது சம்பளம் வாங்கியதுமே ஸ்கூட்டர் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பஸ், மெட்ரோ, அங்கிருந்து ஆட்டோ என்று மாறி மாறிப் போவது அவ்வளவு சீக்கிரம் அலுத்துவிடும். "ஏதர் நல்லதா, ஐக்யூப் நல்லதா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: வண்டியை ராத்திரி எங்கே நிறுத்தப் போகிறீர்கள், அங்கே பிளக் பாயிண்ட் இருக்கிறதா? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதி வண்டிகள் தானாகக் கழன்றுவிடும். மீதிப் பாதியில் எதை எடுப்பது என்பதை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் சென்டர் முடிவு செய்யும். வண்டியின் அழகு, பெரிய திரை, ஆப் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் பிளக் பாயிண்ட்

விவேக் நகர், ஈஜிபுரா, லிங்கராஜபுரம், ஸ்ரீராமபுரம் பக்கம் நம்மவர்கள் குடியிருக்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். இருபதுக்கு முப்பது சைட்டில் கீழே ஓனர், மேலே மாடிக்கு இரண்டு வாடகை வீடு, படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் போர்டு, கேட்டுக்குள் நான்கு வண்டி நெருக்கி நிற்கும் இடம். இந்த மாதிரி வீட்டில் உங்கள் மீட்டரிலிருந்து தனியாக ஒரு லைன் இழுத்து, வண்டி நிற்கும் இடத்தில் 15 ஆம்பியர் சாக்கெட் ஒன்று போட்டுக்கொண்டால் போதும், வேலை முடிந்தது.

ஆனால் ஓனர் சம்மதம் வேண்டும். ஷோரூமில் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். "ஸ்கூட்டர் சார்ஜ் மாடோக்கே ஒந்து பாயிண்ட் கொட்தீரா?" என்று கன்னடத்தில் கேட்டால் முகம் கொஞ்சம் மலரும். ஓனருக்கு இருக்கும் பயம் இரண்டு: கரண்ட் பில் தன் தலையில் விழுமோ, தீப்பிடிக்குமோ. லைன் என் மீட்டரிலிருந்துதான் வரும், எம்சிபி (கோளாறு வந்தால் தானே கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) தனியாகப் போடுகிறேன், எலக்ட்ரீஷியன் செலவு என்னுடையது என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சம்மதித்ததை ஒரு வாட்ஸாப் செய்தியாகவாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீடு கைமாறினால் பேச்சும் மாறும்.

எலக்ட்ரீஷியன் வரும்போது கூடவே நில்லுங்கள். சாக்கெட்டில் மேலே இருக்கும் பெரிய ஓட்டைதான் எர்த். அதற்கும் கரண்ட் வரும் ஃபேஸ் ஓட்டைக்கும் நடுவே அவர் டெஸ்ட் லேம்ப் வைத்துக் காட்டும்போது பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். மங்கலாக மினுக்கினாலோ, எரியவே இல்லை என்றாலோ எர்த் சரியில்லை. பழைய வீடுகளில் இது சகஜம். ஏற்கெனவே சாக்கெட் இருக்கிறது என்று ஓனர் காட்டினால் அதன் முகத்தைப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறம் ஏறியிருந்தாலோ, பிளக்கைச் செருகினால் கழுத்து ஆடினாலோ, புதிதாக மாற்றச் சொல்லுங்கள். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பாக இருக்கட்டும். வண்டியோடு வரும் சாதாரண சார்ஜர் பெரும்பாலும் ஆயிரம் வாட்டுக்குள்தான் இழுக்கும், அயர்ன் பாக்ஸை விடக் கொஞ்சம் குறைவு. ஆனால் அயர்ன் பாக்ஸ் பத்து நிமிடம் ஓடும், இது நான்கைந்து மணி நேரம் விடாமல் ஓடும். அதனால்தான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டுச் சார்ஜ் போடுபவர்களை ஈஜிபுராவில் தெருவுக்கு ஒருவராகப் பார்க்கலாம். மழைக்காலத்தில் அந்த ஒயரைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

படிக்கட்டுக்கு நேர் அடியிலும் சார்ஜ் போடாதீர்கள். மாடியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வெளியேற அது ஒன்றுதான் வழி.

பிஜியில், அதாவது பேயிங் கெஸ்ட் விடுதியில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையெல்லாம் பொருந்தாது. அவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, கழற்றி எடுக்கும் பேட்டரி. ஹீரோவின் விடா வி.எக்ஸ்.2 கோ வண்டியில் 2.2 கிலோவாட் ஹவர் (அதாவது 2.2 யூனிட் கரண்ட் பிடிக்கும்) பேட்டரி ஒன்று, பிளஸ் மாடலில் மொத்தம் 3.4 கிலோவாட் ஹவருக்கு இரண்டு பேட்டரி. ரூமுக்கே தூக்கிப்போய்ச் சார்ஜ் போடலாம். ஒவ்வொன்றும் நல்ல கனம். லிஃப்ட் இல்லாத நான்காவது மாடி என்றால் முதல் வாரம் உடற்பயிற்சி, அப்புறம் தண்டனை. தவிர, பேட்டரியை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சொல்லும் பிஜிகளும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வழி, பொது ஃபாஸ்ட் சார்ஜர். ஏதர் கிரிட் சார்ஜர்கள் ஊர் முழுக்க இருக்கின்றன; அதே கனெக்டர்தான் விடாவுக்கும். டிவிஎஸ் ஐக்யூப், பஜாஜ் சேத்தக் இரண்டும் வீட்டு சார்ஜரை நம்பி வாங்க வேண்டியவை. மூன்றாவது, பேட்டரி மாற்றிக்கொள்வது. ஹோண்டா ஆக்டிவா இ வண்டியை வீட்டில் சார்ஜ் போடவே முடியாது, ஸ்வாப் நிலையத்தில்தான் பேட்டரி மாற்ற வேண்டும். நீங்கள் தினமும் போகும் வழியில் அந்த நிலையம் இருந்தால் அருமையான ஏற்பாடு. இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கரண்ட் பில் பற்றி ஒரு விஷயம். கர்நாடக அரசின் க்ருஹ ஜோதி திட்டத்தில் எல்லோருக்கும் 200 யூனிட் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த இணைப்பின் பழைய சராசரிக்கு மேல் கொஞ்சம் சேர்த்து ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் தாண்டியதற்குப் பணம். 200 யூனிட்டையே தாண்டிவிட்டால் அந்த மாதம் முழு பில்லும் நம்முடையது. ஸ்கூட்டர் மாதம் 30 யூனிட் வரை கூட்டும். இப்போது 180 வரும் வீடு என்றால் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் கிலோமீட்டர் எவ்வளவு

வண்டி விளம்பரத்தில் இருக்கும் ரேஞ்ச், சோதனைக்கூடத்தில் ஓட்டி எடுத்தது. ஐடிசி என்று போட்டிருப்பார்கள். அதை அப்படியே நம்பாமல் பேட்டரி அளவைப் பாருங்கள். ஒரு கிலோவாட் ஹவர் என்பது ஒரு யூனிட் கரண்ட். ஒரு யூனிட்டுக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால் பெங்களூர் டிராஃபிக்கில் ஏமாற மாட்டீர்கள். 2.2 என்றால் 55 முதல் 65, 3 என்றால் 75 முதல் 90, 3.5 என்றால் 90 முதல் 105. பின்னால் ஆள் உட்கார்ந்தால், ஸ்போர்ட்ஸ் மோடில் முறுக்கினால், இதிலும் குறையும். நான்கைந்து வருடத்தில் பேட்டரி தேய்வதற்கும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஹலசூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு போய்வர 30 கிலோமீட்டர் சொச்சம். இதற்கு 2.2 போதும், தினமும் ராத்திரி சார்ஜ் போட முடியும் என்றால். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட முடியும் என்றால் 3 வேண்டும். ஓசூரில் வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்று தினமும் எல்லை தாண்டி வருபவர்களுக்குப் போய்வர 50 ஆகிவிடும், அதுவும் நெடுஞ்சாலை வேகத்தில். 60, 70 வேகத்தில் ஓட்டினால் பேட்டரி நகர ஓட்டத்தைவிடச் சீக்கிரம் இறங்கும். அவர்கள் 3.5 கிலோவாட் ஹவருக்குக் கீழே இறங்கக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. மாதம் 750 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, 45 மைலேஜ் தரும் பெட்ரோல் ஸ்கூட்டரில், லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் 1,700 ரூபாய் பக்கம் ஆகும். மின்வண்டிக்குச் சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 30 யூனிட், அதாவது 200 ரூபாய் சொச்சம். மாதம் 1,500 ரூபாய் மிச்சம். ஆனால் ஆபீஸ் நான்கு கிலோமீட்டரில் இருப்பவருக்கு மிச்சம் 400, 500 ரூபாய்தான். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததால் அவற்றின் விலையும் இறங்கியிருக்கிறது. மின்வண்டிக்கு முன்பிருந்தே 5 சதவீதம்தான். ஆகவே தினம் பத்துக் கிலோமீட்டருக்குள் ஓட்டுபவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்கவென்று மின்வண்டி வாங்கத் தேவையில்லை. சத்தமில்லாமல் ஓடும், பங்கில் வரிசையில் நிற்க வேண்டாம் என்பதற்காக வாங்கினால் சரி.

விலையை எப்படிப் படிப்பது

பேனரில் இருப்பது எக்ஸ்-ஷோரூம் விலை. இன்ஷூரன்ஸ், பதிவு, கையாளும் கட்டணம் என்று சேர்ந்து கைக்கு வரும்போது சில ஆயிரங்கள் கூடும். புது இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டாயம் எடுக்க வேண்டும், அதில் பேரம் கிடையாது. நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீட்டை ஷோரூம் சொல்லும் கம்பெனியிலேயே எடுக்க வேண்டியதில்லை. வெளியே விலை கேட்டுப்பாருங்கள்.

"சப்ஸிடி இந்த மாசத்தோட முடியுது சார்" என்று அவசரப்படுத்துவார்கள். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் என்ற சப்ஸிடி திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியபோது ஒரு கிலோவாட் ஹவருக்கு 5,000 ரூபாய், ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 10,000. 2025 ஏப்ரலில் அது பாதியானது. இந்தப் பணம் நம் கைக்கு வருவதில்லை, விலையிலேயே கழித்துத்தான் பேனரில் போடுவார்கள். அதனால் அன்றைக்கு எழுதித் தரும், எல்லாச் செலவும் சேர்ந்த ஆன்-ரோடு விலை எவ்வளவு என்பது மட்டும்தான் உங்களுக்கு முக்கியம். அதை ஒரு தாளில், வரி வரியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் 'பேக்' என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மேப், சில ஓட்டும் மோடுகள், நீண்ட வாரண்டி இவற்றைத் தனியாக விற்பது சில கம்பெனிகளின் வழக்கம். அது பத்தாயிரத்தைத் தாண்டவும் செய்யும். மேப் ஃபோனிலேயே இருக்கிறது. அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். பேட்டரி வாரண்டியை நீட்டிக்கும் பேக்குக்குக் கொடுக்கலாம். சாதாரணமாக மூன்று முதல் ஐந்து வருடம்தான் வாரண்டி. ஏதர் தன் கூடுதல் திட்டத்தில் எட்டு வருடம் அல்லது 80,000 கிலோமீட்டர் வரை, பேட்டரியின் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று உத்தரவாதம் தருகிறது. எந்தக் கம்பெனியிடமும் இந்தச் சதவீதத்தைக் கேளுங்கள். பேட்டரி செத்தால்தான் மாற்றுவோம், தேய்ந்தால் மாற்ற மாட்டோம் என்ற வாரண்டி பாதி வாரண்டி.

பேட்டரி இல்லாமல் வண்டியை மட்டும் குறைந்த விலைக்கு வாங்கி, பேட்டரிக்குக் கிலோமீட்டர் கணக்கில் வாடகை கட்டும் திட்டமும் வந்திருக்கிறது. கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு ரூபாய். விலை முதலில் மலிவாகத் தெரியும். மாதம் 750 ஓட்டினால் 750 ரூபாய், அதாவது பெட்ரோலில் மிச்சமாவதில் பாதி அங்கே போய்விடும். குறைந்தபட்ச மாதத் தொகை உண்டா என்றும் பாருங்கள். கையில் முன்பணம் இல்லாதவருக்கு மட்டும் இது உதவும்.

எந்த வண்டி

எக்ஸ்-ஷோரூம் ஒரு லட்சத்தை ஒட்டி இப்போது நல்ல தேர்வுகள் இருக்கின்றன. டிவிஎஸ் ஐக்யூப் 2.2, அதே கம்பெனி 2025 ஆகஸ்டில் கொண்டுவந்த 3.1 கிலோவாட் ஹவர் ஆர்பிட்டர், 3 கிலோவாட் ஹவர் பேட்டரியுள்ள பஜாஜ் சேத்தக் 3001, விடா வி.எக்ஸ்.2, கோயம்புத்தூரில் பிறந்து இப்போது ராணிப்பேட்டையில் தயாராகும் ஆம்பியர். கொஞ்சம் மேலே போனால் ஏதர் ரிஸ்டா. விலைகள் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் என்பதால் இங்கே எண் போடவில்லை. டிவிஎஸ், ஏதர் இரண்டும் ஓசூரில், ஓலா போச்சம்பள்ளியில் என்று பெங்களூர் ரோட்டில் ஓடும் மின்வண்டிகளில் பெரும்பாலானவை நம் ஊர்ப்பக்கத்துத் தயாரிப்புதான். அதற்காக விலையில் ஒரு பைசா குறையாது.

பேட்டரியின் ரசாயனத்தையும் ஒரு வார்த்தை கேளுங்கள். எல்எஃப்பி வகை கனமானது, ஆனால் சூட்டைத் தாங்கும், அதிக முறை சார்ஜ் ஏற்றலாம். ஆம்பியர் நெக்ஸஸில் இது இருக்கிறது. என்எம்சி வகை இலேசு, அதே கனத்தில் அதிக தூரம் போகும். 2022 கோடையில் வண்டிகள் எரிந்ததற்கு அப்புறம் ஏஐஎஸ்-156 என்ற பாதுகாப்பு விதியை அரசு இறுக்கியது. 2023 ஏப்ரலுக்கு முன்பு தயாரான பழைய சரக்கையோ, செகண்ட் ஹேண்டையோ யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் யோசியுங்கள்.

லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம் என்று ஐம்பதாயிரத்துக்கு விற்கும் வண்டிகள் வேறு ரகம். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் அந்தச் சலுகை. மளிகைக்கடை வரை போய்வர அது போதும். அவுட்டர் ரிங் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகும்போது 25 வேகத்தில் ஓரமாக ஊர்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். "லாக் எடுத்துவிட்டால் 45 போகும்" என்று கடைக்காரர் சொன்னால், அந்த நிமிடமே அது பதிவில்லாத, காப்பீடில்லாத வண்டி. பிடித்தாலும் இடித்தாலும் நம் பாடு.

சர்வீஸ் சென்டருக்கு ஒரு நடை

இது பலரும் செய்யாதது. வண்டியை முடிவு செய்ததும் ஷோரூமுக்குப் போகாமல், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அதன் சர்வீஸ் சென்டருக்கு ஒரு சனிக்கிழமை காலையில் போய் நில்லுங்கள். வெளியே எத்தனை வண்டிகள் தூசி படிந்து நிற்கின்றன என்று பாருங்கள். சீட்டின் மேல் இலை உதிர்ந்து கிடந்தால் அந்த வண்டி வந்து பல நாளாகிறது. வண்டியை விட வந்தவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். ஸ்பேர் பார்ட்டுக்கு எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்று கேட்காமலே சொல்வார்கள். என் சித்தப்பா பையன் ஒரு கம்பெனியின் வண்டியைப் பதிவு செய்யப் போய், அதன் சர்வீஸ் சென்டர் வாசலில் கால் மணி நேரம் நின்றுவிட்டு வேறு கம்பெனி வண்டியை எடுத்தான். பெட்ரோல் ஸ்கூட்டரைத் தெருமுனை மெக்கானிக் பார்த்துவிடுவார். இதில் சாஃப்ட்வேரும் கண்ட்ரோலரும் கம்பெனிக்காரர் கையில். சென்டர் 15 கிலோமீட்டரில் இருந்தால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் அரை நாள் லீவு.

டெஸ்ட் ரைடு

ஷோரூம் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றுவது போதாது. பின்னால் ஒருவரை உட்காரவைத்து ஒரு மேம்பாலம் ஏறுங்கள், ஏற்றத்தின் நடுவே நிறுத்தி மறுபடி எடுங்கள். பெங்களூர் ரோட்டின் குழிகளில் சின்ன சக்கரமும் கெட்டியான சஸ்பென்ஷனும் முதுகைப் பதம் பார்த்துவிடும். முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே தெரியும். கால் வைக்கும் இடம் சமமாக, அகலமாக இருக்கிறதா? 20 லிட்டர் தண்ணீர் கேன் அங்கே நிற்க வேண்டும், இந்த ஊரில் அது அத்தியாவசியம். சிலவற்றில் பேட்டரி மேடு குறுக்கே வந்து கேனைச் சாய்த்துவிடும்.

மழையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்தது. மழையில் தாராளமாக ஓட்டலாம். அதற்காக ரோட்டில் முழங்கால் அளவு நிற்கும் சாக்கடைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். அந்த ரேட்டிங் பேட்டரிக்கும் மோட்டாருக்கும்தான், உள்ளே இருக்கும் எல்லா ஒயர் இணைப்புக்கும் இல்லை.

பதிவும் டெலிவரியும்

ஊரில் வாங்கித் தமிழ்நாட்டு நம்பரோடு கொண்டுவரலாமா என்று பலர் யோசிப்பார்கள். ஒரு மாநில வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். இங்கேயே இருக்கப் போகிறவர்கள் வாடகை அக்ரிமெண்ட் கொடுத்து கே.ஏ. என்று தொடங்கும் கர்நாடகப் பதிவாகவே எடுத்துவிடுவது தலைவலி இல்லாத வழி. கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் போதும். நம்பர் பிளேட் பச்சையில் வெள்ளை எழுத்தாக இருக்கும். ஹெல்மெட் கர்நாடகத்தில் பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம்.

டெலிவரி அன்று ஓடோமீட்டர், டயர் தயாரான தேதி, சார்ஜரின் சீரியல் நம்பர் பில்லில் இருக்கிறதா என்பது, பேட்டரி வாரண்டி உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்பது, இந்த நான்கையும் பாருங்கள். பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கும் அவசரத்தில் இதை விட்டுவிடுவார்கள். பின்னால் கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம், அதற்கும் இந்தத் தாள்கள்தான் வேண்டும்.

தினசரிப் பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டி வந்ததும் சார்ஜில் போடாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள், பூஜ்யம் வரை இறக்காதீர்கள், டயர் காற்றைச் சரியாக வையுங்கள். காற்று குறைந்தால் ரேஞ்சும் குறையும். பொங்கலுக்கு ஒரு வாரம், பத்து நாள் ஊருக்குப் போகும்போது முழுச் சார்ஜில் விட்டுப் போகாமல், பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டுப் போங்கள்.